எதிர்த்து ஓட்டுப் போட்ட சட்டத்துக்கு நாடா வெட்ட வருபவரை எப்படிச் சரிபார்ப்பது?

கேள்வி இது: ஒரு சட்டத்தை அவையில் எதிர்த்து வாக்களித்த உறுப்பினர், அதே சட்டத்தின் பணத்தில் தன் தொகுதிக்குப் பாலமோ இணைய வசதியோ வரும்போது அதைத் தன் சாதனையாகப் பேசுகிறார். அவர் உண்மையிலேயே எதிர்த்தவர்தானா என்று எப்படி உறுதி செய்வது? உறுதியானால் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடலாமா?

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது, பொறுமை இருந்தால் போதும். இரண்டாவதுதான் சிக்கல். பெரும்பாலானோர் ஒரு வாக்குப் பதிவின் படத்தையும் ஒரு ட்வீட்டின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்த இரண்டு படங்களுக்கும் நடுவே மூன்று இணைப்புகளைக் காட்டியாக வேண்டும். அவர் என்ன சொன்னார், அந்தப் பணம் எந்தச் சட்டத்திலிருந்து வந்தது, அந்தச் சட்டத்தின் இறுதி வாசகத்துக்கு அவர் எப்படி வாக்களித்தார் என்பவையே அவை. ஒன்று அறுந்தாலும் குற்றச்சாட்டு நிற்காது. பிரதிநிதிகள் சபை, செனட் என்ற இரண்டு அவைகள் கொண்ட அமெரிக்க நாடாளுமன்றத்தில் உறுப்பினர்வாரியாக வாக்குப் பதிவு ஒழுங்காகக் கிடைக்கும் என்பதால் அங்கிருந்தே எடுத்துக்காட்டுகள் தருகிறேன். இந்திய நாடாளுமன்றத்தில் இதே முறை எங்கே முட்டிக்கொள்கிறது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அவர் சொன்ன சொல். வினைச்சொல்லைப் பாருங்கள். "பெற்றுத் தந்தேன்", "கொண்டுவந்தேன்", "போராடி வாங்கினேன்" என்பவை நேரடியாக உரிமை கோருகின்றன. "அறிவிப்பதில் மகிழ்ச்சி" அதற்கு ஒரு படி கீழே. அறிவித்தது மட்டும்தான் அவர் வேலை, ஆனால் கேட்பவர் அப்படி எடுத்துக்கொள்ள மாட்டார். "நம் மாவட்டத்துக்கு நிதி வருவது நல்ல செய்தி" என்பதில் செய்தவரே கிடையாது. தேர்ந்த அலுவலகங்கள் இந்த மூன்றாவது வகையைத்தான் எழுதும். அலபாமா செனட்டர் டாமி டியூபர்வில் 2021 ஆகஸ்டில் உள்கட்டமைப்புச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தார். அதன் அகலப்பட்டை இணையத் திட்டத்துக்கான 4,245 கோடி டாலரில் அலபாமாவுக்குச் சுமார் 140 கோடி என்று 2023 ஜூனில் அறிவிப்பு வந்தபோது, மாநிலத்துக்கு முக்கியமான நிதி வருவது மகிழ்ச்சி என்ற பொருளில் பதிவிட்டார். 'நான் வாங்கித் தந்தேன்' என்று அதில் எங்கும் இல்லை. அடிக்கல் நாட்டு விழாவில் சந்திப்போம் என்று அப்போதைய அதிபர் ஜோ பைடன் அதற்குப் பதில் போட்டார். இதை "பொய் சொன்னார்" என்று எழுதினால் நீங்கள்தான் தவறு செய்கிறீர்கள். "எதிர்த்து வாக்களித்ததைச் சொல்லாமல் கொண்டாடினார்" என்பது சரி.

எந்த வகையாக இருந்தாலும் முழு வாசகத்தையும் தேதியோடு சேமித்துக்கொள்ளுங்கள். படம் மட்டும் எடுத்தால் போதாது; இணையக் காப்பகத்திலும் ஒரு பிரதி ஏற்றிவையுங்கள். மறுநாள் அந்தப் பதிவு காணாமல் போகலாம், அல்லது ஒரு சொல் மட்டும் மாறியிருக்கலாம்.

அடுத்து, பணம் எந்தச் சட்டத்தின் பணம்? இங்கே சறுக்குபவர்கள் ஏராளம். ஒரு சாலைத் திட்டத்தில் நான்கு ஆண்டுகளின் வழக்கமான ஒதுக்கீடு, மாநிலப் பங்கு, புதிய சட்டத்தின் மானியம் எல்லாம் கலந்திருக்கும். அமெரிக்க அரசின் செலவினத் தளமான யூஎஸ்ஏஸ்பெண்டிங்கில் ஒவ்வொரு மானியத்துக்கும் தனிப் பக்கம் உண்டு. அதில் பணம் எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது என்று காட்ட ஒரு குறியீடு இருக்கும். உள்கட்டமைப்புச் சட்டத்துக்கு 'இசட்' என்ற எழுத்தும் '1' என்ற எண்ணும். 2021 மார்ச்சில் வந்த கொரோனா மீட்புச் சட்டத்துக்கு 'வி'. அந்த மீட்புச் சட்டத்தில் மாநில, உள்ளாட்சி அரசுகளுக்குப் போன 35,000 கோடி டாலருக்குத் திட்ட எண் 21.027. நகராட்சி ஒரு பூங்காவைத் திறக்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் விட்டாலும், இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும்.

பணம் எப்படிப் பங்கிடப்பட்டது என்பதும் முக்கியம். சூத்திரப்படி வரும் பணத்துக்கு யாரும் தனியாகப் பாடுபடத் தேவையில்லை. மக்கள்தொகை, சாலை நீளம், இணையம் எட்டாத வீடுகளின் எண்ணிக்கை போன்ற கணக்கைப் போட்டால் தொகை தானாக வந்து விழும். டியூபர்வில் சொன்ன 140 கோடி இந்த ரகம். அதற்கு ஆதரவாக வாக்களித்தவர்கூட "என் தொகுதிக்கு நான் வாங்கித் தந்தது" என்று சொல்ல முடியாது. போட்டி முறையில் தரும் மானியம் வேறு. அதற்கு உள்ளாட்சி விண்ணப்பிக்கும், உறுப்பினர் ஆதரவுக் கடிதம் எழுதுவார், முடிவெடுப்பது துறை. தேர்வானவர்களின் பெயரைப் பொதுவில் வெளியிடுவதற்கு முன்பே உறுப்பினர்களின் அலுவலகங்களுக்குத் தகவல் போய்விடும். துறைக்கு முன்னதாகவே உறுப்பினரின் பத்திரிகைக் குறிப்பு வருவது இதனால்தான். பார்ப்பவருக்கு அவரே கொடுத்தது போலத் தெரியும்.

மூன்றாவது வகை, உறுப்பினர் பெயர் போட்டே வரும் தொகுதி ஒதுக்கீடு. 2011 முதல் நிறுத்தி வைத்திருந்த இந்த முறையை 2021இல் மறுபடி கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் தாம் கேட்ட திட்டங்களைத் தம் தளத்திலேயே வெளியிட வேண்டும். அதில் தமக்குப் பண ஆதாயம் இல்லை என்று உறுதிமொழியும் தர வேண்டும். இங்கே ஒரு விசித்திரம் நடக்கும். ஒதுக்கீட்டைக் கேட்டு வாங்கியது அவரே. ஆனால் அது அடங்கிய ஆண்டுச் செலவின மசோதா வாக்கெடுப்புக்கு வரும்போது எதிர்த்து விடுவார். 2022 டிசம்பர் 23 அன்று பிரதிநிதிகள் சபையில் 225–201 என்று நிறைவேறிய மசோதாவில் குடியரசுக் கட்சியினர் பலருடைய திட்டங்கள் இருந்தன. ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 9 பேர்தான். இவர்களைப் பற்றி "சம்பந்தமே இல்லாமல் பெயர் வாங்குகிறார்" என்று எழுதக் கூடாது. சம்பந்தம் இருக்கிறது. மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள் என்ற தைரியத்தில் எதிர்த்தார் என்பதே சரியான விமர்சனம், எனக்கு அதுதான் கனமான விமர்சனமாகவும் படுகிறது.

இனி வாக்கு. எந்த வாக்கெடுப்பு என்பதில்தான் நல்ல செய்தியாளர்களும் தடுக்கி விழுகிறார்கள்.

மசோதா எண்ணை நம்பாதீர்கள். உள்கட்டமைப்புச் சட்டத்தின் எண் எச்.ஆர். 3684. அதே எண்ணில் பிரதிநிதிகள் சபை 2021 ஜூலை 1 அன்று 221–201 என்று ஒரு மசோதாவை நிறைவேற்றியது. அது வேறு வாசகம்; சபையின் சொந்தப் போக்குவரத்து மசோதா. செனட் அந்த வாசகத்தை முழுவதும் எடுத்துவிட்டுத் தன் உடன்பாட்டை அதே உறையில் வைத்து ஆகஸ்ட் 10 அன்று 69–30 என்று அனுப்பியது. சபை நவம்பர் 5 இரவு 228–206 என்று அதை ஏற்றது. நவம்பர் 15 அன்று அதிபர் கையெழுத்திட்டார். சபையின் பதிவில் "நிறைவேற்றம்" என்ற தலைப்போடு இருப்பது ஜூலை வாக்கெடுப்பு. சட்டத்தை உருவாக்கிய நவம்பர் வாக்கெடுப்பின் தலைப்போ "செனட்டின் திருத்தத்தை ஏற்கும் தீர்மானம்". அவசரத்தில் தேடுபவர் முதலாவதைப் பிடித்துக்கொள்வார். ஜூலையில் ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 2 பேர், நவம்பரில் 13 பேர். ஜூலைப் பட்டியலை வைத்து எழுதினால், சட்டத்தை உண்மையில் ஆதரித்த குறைந்தது 11 பேரை எதிர்த்தவர்களாகக் காட்டிவிடுவீர்கள்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தின் எண் எச்.ஆர். 3590. அந்த எண்ணுக்குப் பிரதிநிதிகள் சபையில் 2009 அக்டோபர் 8 அன்று 416–0 என்று ஒரு வாக்கெடுப்பு இருக்கிறது! அப்போது அது ராணுவத்தினரின் வீட்டு வரிச் சலுகை பற்றிய சின்ன மசோதா. செனட் அதைக் காலி செய்து காப்பீட்டுச் சட்டத்தை உள்ளே வைத்தது. 2010 மார்ச் 21 அன்று சபையில் வந்த உண்மையான கணக்கு 219–212; குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. "அந்த மசோதாவுக்கு ஏகமனதாக ஆதரவு கிடைத்தது" என்று யாராவது எண்ணைக் காட்டினால், எந்தத் தேதி என்று கேளுங்கள்.

செனட்டில் இன்னொரு பொறி. விவாதத்தை முடித்துவைக்க 60 வாக்கு வேண்டும். மசோதாவை நிறைவேற்றப் பாதிக்கு மேல் இருந்தால் போதும். முதல் வாக்கெடுப்பில் உதவிவிட்டு இரண்டாவதில் எதிர்த்தவர், மசோதா பிழைக்க உண்மையில் வழிவிட்டவர். முதலாவதில் தடுக்கப் பார்த்துத் தோற்று, இரண்டாவதில் "ஆம்" என்றவரும் உண்டு. இரண்டு பதிவையும் பார்க்காமல் எழுதாதீர்கள். தோற்ற வாக்கெடுப்பில் பெரும்பான்மைத் தலைவரின் "இல்லை" பெரும்பாலும் நடைமுறைக்காகப் போட்டது. வென்ற பக்கத்தில் இருந்தால்தான் மறுபரிசீலனை கேட்க முடியும். 2013 ஏப்ரல் 17 அன்று துப்பாக்கி வாங்குவோரின் பின்னணிச் சோதனைத் திருத்தம் 54–46 என்று 60ஐ எட்டாமல் விழுந்தபோது, அதை ஆதரித்த அப்போதைய பெரும்பான்மைத் தலைவர் ஹாரி ரீட் பதிவில் எதிர்ப்பாளராக இருப்பது இப்படித்தான்.

மற்றவை சின்னச் சோதனைகள், ஆனால் மானத்தைக் காப்பவை. வாக்களிக்காதவர் எதிர்த்தவர் அல்ல. 2023 ஜனவரியில் பதவியேற்றவர் 2021 சட்டத்துக்கு வாக்களித்திருக்கவே முடியாது. ஒரே குடும்பப் பெயரில் இரண்டு மூன்று உறுப்பினர்கள் இருப்பார்கள். மாநிலத்தையும் தொகுதி எண்ணையும் ஒத்துப் பாருங்கள். சபையின் எழுத்தர் தளத்திலும் செனட் தளத்திலும் உள்ள மூலப் பதிவையே பாருங்கள், யாரோ தொகுத்த பட்டியலை அல்ல.

மூன்று இணைப்பும் சரியாகப் பொருந்திவிட்டது. இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி: எதிர்த்தவர் பெயர் வாங்கவே கூடாதா?

வாங்கலாம், சில நேரங்களில். பெரிய மசோதா என்பது நூறு மசோதாக்களின் மூட்டை. மிசிசிப்பி செனட்டர் ரோஜர் விக்கர், உணவகங்களுக்கான 2,860 கோடி டாலர் நிவாரணத்துக்குக் கட்சி தாண்டி உழைத்தவர். அது 1.9 லட்சம் கோடி டாலர் மீட்புச் சட்டத்துக்குள் போனது. அவர் சட்டத்தை எதிர்த்தார், நிவாரணத்தைக் கொண்டாடினார். இணையம் அவரைக் கிழித்தது. எதிர்ப்பக்கத்தில் நியூஜெர்சியின் கோரி புக்கர் இருக்கிறார். பின்தங்கிய பகுதிகளில் முதலீட்டுக்கு வரிச்சலுகை தரும் மண்டலத் திட்டத்தைக் குடியரசுக் கட்சியின் டிம் ஸ்காட்டோடு சேர்ந்து முன்வைத்தவர் அவர். அது 2017 வரிச் சட்டத்தில் இடம்பெற்றது. மற்ற ஜனநாயகக் கட்சி செனட்டர்களோடு அவரும் அந்தச் சட்டத்தை எதிர்த்தார். இருவருக்கும் ஒரே அளவுகோல்தான். மசோதா வருவதற்கு முன்பே அந்தப் பகுதி அவர் பெயரில் பதிவாகியிருக்கிறதா? ஆம் என்றால் அந்தப் பகுதிக்கு அவர் உரிமை கோரலாம். முழுச் சட்டத்தை எதிர்த்ததையும் அதே மூச்சில் சொல்வது நேர்மை. முன் பதிவு எதுவும் இல்லாமல் நாடா வெட்டும் நாளில் மட்டும் தோன்றுபவருக்கு இந்தச் சலுகை கிடையாது. உங்களுக்குப் பிடித்த கட்சிக்காரரிடம் இந்த அளவுகோலை முதலில் வைத்துப் பாருங்கள்.

"எதிர்த்தேன், சட்டமாகிவிட்டது, இனி என் மக்களுக்கு உரிய பங்கு வரட்டும்" என்பது அடுத்த வாதம். டியூபர்வில் அலுவலகம் சொன்னதும் இதுதான். இதில் நியாயம் இருக்கிறது. அவருடைய தொகுதிக்காரர்களும் வரி கட்டுகிறார்கள். பங்கு கேட்பது வேறு, அந்தப் பங்கைப் படைத்ததாகப் பேசுவது வேறு. விஸ்கான்சினின் குடியரசுக் கட்சிப் பிரதிநிதி பால் ரயன் 2009இல் 78,700 கோடி டாலர் பொருளாதார ஊக்கச் சட்டத்தை எதிர்த்தார்; அதே ஆண்டு தன் மாநில அமைப்புகளுக்கு அந்த நிதியைக் கேட்டு எரிசக்தித் துறைக்குக் கடிதம் எழுதினார். கடிதம் எழுதியது குற்றமில்லை. அப்படிக் கேட்கவே இல்லை என்று மறுத்துவந்து, 2012இல் துணை அதிபர் வேட்பாளரான பின் கடிதங்கள் வெளியே பேசப்பட்டபோது, அலுவலகம் அவற்றை வழக்கமான தொகுதிக் கோரிக்கைகளாகக் கையாண்டுவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டிவந்ததுதான் அவரைச் சிக்கவைத்தது. நீங்கள் தேட வேண்டியதும் இதுபோன்ற கடிதங்களைத்தான். அமெரிக்கத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் துறையிடம் கேட்டால் கிடைக்கும். உறுப்பினரின் அலுவலகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அங்கே கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள்.

எதிர்த்தவருக்குச் சாதகமான இன்னொரு கணக்கும் இருக்கிறது. உள்கட்டமைப்புச் சட்டத்தின் மொத்தம் 1.2 லட்சம் கோடி டாலர் என்று சொல்வார்கள். அதில் புதிய செலவு சுமார் 55,000 கோடி. மீதி, பழைய நெடுஞ்சாலைத் திட்டங்களின் வழக்கமான நீட்டிப்பு. இது நிறைவேறாமல் போயிருந்தாலும் ஏதோ ஒரு நீட்டிப்பு வந்து பழைய சாலைக்குப் பணம் போயிருக்கும். ஆகவே வழக்கமான தார் போடும் வேலையைப் பிடித்துக்கொண்டு "இவர் எதிர்த்த பணம்" என்று எழுதுவது பலவீனமான வழக்கு. புதிதாகத் தொடங்கிய திட்டத்தைப் பிடியுங்கள். அகலப்பட்டை இணையம் அப்படிப்பட்டது.

ஏன் இதைத் துணிந்து செய்கிறார்கள் என்றால், பலன் இருக்கிறது. தேர்தலுக்காக உறுப்பினர்கள் செய்யும் வேலைகளை விளம்பரம், பெயர் வாங்குதல், நிலைப்பாடு எடுத்தல் என்று அமெரிக்க அரசியல் அறிஞர் டேவிட் மேஹியூ 1974இல் பிரித்துக் காட்டினார். எதிர்த்து வாக்களிப்பது நிலைப்பாடு, நாடா வெட்டுவது பெயர் வாங்குதல். முதலாவது கட்சித் தொண்டருக்கு, இரண்டாவது பொது வாக்காளருக்கு. இன்னொரு அரசியல் அறிஞரான ஜஸ்டின் கிரிம்மர் குழுவினரின் ஆய்வு இன்னொன்றைக் காட்டியது. வாக்காளர் தொகை பெரிதா சிறிதா என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை, எத்தனை முறை அறிவிப்பு வந்தது என்பதற்கே அசைகிறார். சின்ன மானியத்துக்கும் தனித்தனியாகப் பத்திரிகைக் குறிப்பு வருவதன் காரணம் புரிகிறதா?

இந்திய நாடாளுமன்றத்தில் இதே சோதனையைச் செய்யப் போனால் மூன்றாவது இணைப்பிலேயே கயிறு அறுந்துவிடும். பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போகின்றன; யார் பெயரும் பதிவாகாது. மக்களவை விதி 367இன்படி சபாநாயகரின் முடிவை மறுத்து டிவிஷன் (வாக்குகளைப் பெயரோடு பதியும் வாக்கெடுப்பு) கேட்டால், மூன்றரை நிமிடம் கழித்து மறுபடி கேள்வியை வைத்து, பிறகு பதிவுக்குப் போக வேண்டும். ஆனால் தேவையில்லாமல் கேட்கிறார்கள் என்று அவர் கருதினால், இடத்திலேயே எழுந்து நிற்கச் சொல்லி எண்ணி முடித்துவிடலாம். அப்போதும் பெயர்கள் பதிவாகாது. எனவே "அவர் எதிர்த்து வாக்களித்தார்" என்று எழுதுமுன் டிவிஷன் நடந்ததா என்று அன்றைய அவை நடவடிக்கைக் குறிப்பில் பாருங்கள். நடக்கவில்லை என்றால் அவர் ஆற்றிய உரை, கொடுத்த திருத்தங்கள், கட்சியின் அறிவிப்பு ஆகியவைதான் சான்று.

டிவிஷன் நடந்தாலும் எதிர்ப்பு 0 என்பதை எல்லோரும் ஆதரித்தார்கள் என்று படிக்காதீர்கள். ஜி.எஸ்.டி. அரசியல் சட்டத் திருத்தம் 2016 ஆகஸ்ட் 3 அன்று மாநிலங்களவையில் 203–0 என்று நிறைவேறியது. அதை எதிர்த்த அ.தி.மு.க. வெளிநடப்பு செய்திருந்ததால் அதன் எதிர்ப்பு எண்ணில் வரவே இல்லை. தனி உறுப்பினரைக் குறை சொல்வதிலும் கவனம் வேண்டும். 1985இல் வந்த, கட்சித் தாவலைத் தடுக்கும் அரசியல் சட்டப் பத்தாவது அட்டவணைப்படி கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் விட்டாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். ஆகவே அந்த வாக்கு பெரும்பாலும் கட்சியின் வாக்கு. கேள்வியையும் கட்சியிடமே கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் தலைகீழ் வகையும் கண்ணில் படும். 2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்த அ.தி.மு.க., 2021 தேர்தல் அறிக்கையில் அதைத் திரும்பப் பெற மத்திய அரசை வலியுறுத்துவோம் என்றது.

நீண்ட காலம் இழுத்த சட்டங்களில் ஒரு வாக்கெடுப்பு மட்டும் போதாது. பெண்கள் இடஒதுக்கீடு 1996இல் முதலில் அறிமுகமாகி, 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் 186–1 என்று நிறைவேறி, மக்களவையில் வாக்கெடுப்புக்கே வராமல் காலாவதியானது. 2023 செப்டம்பரில் புதிய மசோதா 454–2, 214–0 என்று இரு அவைகளிலும் நிறைவேறியது. 2010இல் மூர்க்கமாக எதிர்த்த சமாஜ்வாதி கட்சி 2023இல் ஆதரித்தது. இங்கே ஒரு வரியில் தீர்ப்பு எழுத முடியாது. ஆண்டுவாரியாக யார் எங்கே நின்றார்கள் என்று அட்டவணை போடுவதுதான் வழி.

கடைசியாக, கண்டுபிடித்ததை எழுதும் விதம். "இந்தத் தேதியில் இப்படிச் சொன்னார். இந்தப் பணம் இன்ன சட்டத்தின் இன்ன திட்டத்திலிருந்து, இன்ன முறையில் வந்தது. அந்தச் சட்டத்தின் இறுதி வாக்கெடுப்பில், இன்ன தேதியில், எதிர்த்து வாக்களித்தார். இந்தத் திட்டத்துக்காக முன்பு அவர் மசோதா கொடுத்ததாகவோ கடிதம் எழுதியதாகவோ பதிவு இருக்கிறது / பதிவில் காணவில்லை." இந்த நான்கு வாக்கியங்களையும் வெளியிடுவதற்கு முன் அவருடைய அலுவலகத்துக்கு அனுப்பி, பதிலுக்கு ஒருநாள் விடுங்கள். நீங்கள் பார்க்காத பழைய கடிதம் ஒன்று இருந்தால் அந்த ஒருநாளில் வந்துவிடும்.